அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு?

விமானம் எத்தனை மணிக்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். பெட்டி எத்தனை கிலோ, பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாயா, போய் இறங்கியதும் போன் போடுவாயா என்றெல்லாம் கேட்பார்கள். போகிறவர் இதற்குப் பிறகு எப்போது உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடப் போகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து திருச்சி வழியாகச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நள்ளிரவு தாண்டி 1 மணிக்குச் சிங்கப்பூர் விமானம் என்று வைத்துக்கொள்வோம். செந்துறையிலிருந்தோ வேப்பந்தட்டையிலிருந்தோ வேன் பிடித்து வருகிறவர்கள் மாலை 7 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். 6 மணிக்கு வீட்டில் இலை போடுவார்கள். அந்த நேரத்தில் யாருக்குச் சாப்பாடு இறங்கும்? சொந்தக்காரர்கள் கூடியிருப்பார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், போகிற பிள்ளை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். விமானம் ஏறத்தாழ 4 மணி நேரம் பறக்கும். இறங்கும்போது நம்மூரில் விடியற்காலை 5 மணி, சிங்கப்பூரில் காலை 7.30. இமிகிரேஷன் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, கம்பெனி வண்டிக்காகக் காத்திருந்து, தங்குமிடம் போய்ச் சேர அந்த ஊர் நேரம் 10 ஆகிவிடலாம். நம் வயிற்றுக்கு அது காலை 7.30. மாலை 6 மணிக்கு இரண்டு வாய் சாப்பிட்டவர் பதின்மூன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லாமல் இருக்கிறார். அதில் ஓர் இரவுத் தூக்கமும் போயிருக்கிறது.

வளைகுடாப் பயணத்தில் கணக்கு வேறு மாதிரி ஏமாற்றும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. சவூதியும் குவைத்தும் கத்தாரும் இரண்டரை மணி நேரம் பின்னால். இரவு 1 மணிக்கு ஏறி 4 மணி நேரம் பறந்தால் துபாயில் இறங்கும்போது அங்கே 3.30. நமக்கு விடிந்துவிட்டது, அந்த ஊருக்கு இன்னும் விடியவில்லை. அங்கே காலைச் சாப்பாடு 7 மணிக்குத்தான் என்றால் நம் உடம்புக்கு அது 8.30.

இவ்வளவு நீளமான இடைவெளியில் ஒரு நல்ல நிறுத்தமாகத்தான் விமான நிலைய உணவுக்கூடத்தைப் பார்க்கிறேன். அங்கே போய் வயிறு முட்டச் சாப்பிடுவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. அதற்குப் பயந்து ஒன்றுமே வாங்காமல் பசியோடு விமானம் ஏறுவது அதைவிடக் கேடு. முதல்முறை வேலைக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது தவறைத்தான் செய்கிறார்கள். விலைப்பலகையைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள். “பிளேனிலேயே சாப்பாடு கொடுப்பார்கள்” என்று யாரோ சொன்னதை நம்பியும் வந்திருப்பார்கள். திருச்சியிலிருந்து பறக்கும் விமானங்களில் குறைந்த கட்டணச் சேவைகள்தான் அதிகம். அவற்றில் சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் சாப்பாடு. டிக்கெட் கைக்கு வந்த அன்றே அதில் சாப்பாடு சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். வேண்டுமென்றால் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்ததை விமானத்துக்குள் சாப்பிடக்கூடாது என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி விதி இருந்தால் உங்கள் கட்டுச்சோற்றைக் கேட்டில் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும்.

என்ன சாப்பிடலாம் என்பதற்கு முன்னால், ஆகாயத்தில் வயிற்றுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனாலும் அது தரைமட்ட அழுத்தம் அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தம்தான் உள்ளே இருக்கும். ஊட்டிக்கு ஏறிப்போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஏற்றம் அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடுகிறது. அழுத்தம் குறைந்தால் குடலில் இருக்கும் காற்று விரியும். தரையில் இருந்ததைவிடக் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குகூட அதிகமாகும். கொண்டைக்கடலை, மொச்சை, முட்டைக்கோஸ், சோடா, குளிர்பானம் எல்லாம் காற்றைக் கூட்டுகிற சமாச்சாரங்கள். எண்ணெயில் பொரித்தது வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும். ஏறுமுன் பூரியும் சென்னாவும் சாப்பிட்டு ஒரு சோடாவும் குடித்தவருக்கு நடுவானில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் அது நெஞ்சுவலியோ என்று பயம் வந்துவிடும். முதல் பயணத்தில் அந்தப் பயம் பெரிது.

உள்ளே காற்றும் மிக வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கும் நாக்கும் காய்ந்து, உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும். ஜெர்மனியில் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010ஐ ஒட்டிச் சோதித்துப் பார்த்து இதை உறுதி செய்தது. அதனால்தான் விமானச் சாப்பாட்டில் உப்பும் மசாலாவும் தூக்கலாகப் போடுகிறார்கள். உப்பு கூடினால் தாகம் கூடும். தண்ணீரைத் தரையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுங்கள்.

ஆகவே முக்கியமான சாப்பாடு வீட்டில், மாலை 5 மணிக்கு. 6 மணிக்கு உறவுகள் கூடுமுன் போகிறவரை மட்டும் தனியாக உட்கார வைத்துப் போட்டுவிடுங்கள். சோறு, ரசம், ஒரு கீரையோ பொரியலோ, கடைசியில் மோர்சாதம். பயத்தில் வயிறு கலங்குகிறவர்களுக்கு ரசமும் மோரும் இறங்கும், கறிக்குழம்பு இறங்காது. வழியனுப்பும் விருந்து என்று கறி எடுத்துச் சமைக்க ஆசை இருக்கும். அதை முதல் நாள் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். புறப்படும் அன்று பிரியாணி வேண்டாம். அதைவிட, போகும் வழியில் சாலையோரம் நிறுத்தி இரவு 9 மணிக்கு எல்லோருமாகச் சாப்பிடும் பிரியாணி வேண்டவே வேண்டாம். வேனில் இருக்கும் பதினைந்து பேருக்கும் அது சரிப்படலாம், விமானம் ஏறுகிற ஒருவருக்கு ஆகாது.

வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரம்பலூர்க்காரர்கள் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சிறுவாச்சூர், பாடாலூர், சமயபுரம் தாண்டி வருகிறார்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் நகரத்தைத் தாண்டி புதுக்கோட்டை சாலையில் இருக்கிறது. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்தவர்கள் கீழப்பழுவூர் வழியாக வருவார்கள், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம். சிறுவாச்சூரிலும் சமயபுரத்திலும் கோயில் வாசலில் நிறுத்திச் சூடம் ஏற்றிவிட்டுப் போகிற குடும்பங்கள் உண்டு. ஏற்றுங்கள், அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணத்தில் பறிபோவது எப்போதும் சாப்பாட்டு நேரம்தான். வழியில் அரை மணி நேரம் போனால், உள்ளே உட்கார்ந்து சாப்பிட வைத்திருந்த அரை மணி நேரம்தான் போகும்.

திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2024 ஜனவரி 2ஆம் தேதி திறந்துவைத்தார். பயணிகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது அந்த ஆண்டு ஜூன் 11 முதல். ஏறத்தாழ 75,000 சதுர மீட்டர் கட்டடம். பழைய முனையத்தில் போய்வந்த பழக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இடம் தாராளம், அதற்கேற்ப நடையும் கூடுதல். வெளிநாட்டுப் பயணத்தில் வரிசை இப்படிப் போகும்: வாசலில் டிக்கெட், பாஸ்போர்ட் சரிபார்ப்பு, கவுன்டரில் பெட்டி போட்டு போர்டிங் பாஸ் வாங்குவது, இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகு கேட். கவுன்டர் பொதுவாக விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன் மூடப்படும். கேட்டை 20, 25 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள்.

இதில் எந்த இடத்தில் சாப்பிடுவது? எல்லாச் சோதனையும் முடிந்து, உங்கள் கேட் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பிறகு சாப்பிடுங்கள். வெளியே குடும்பத்தோடு நின்று பேசிக்கொண்டே சாப்பிட்டால் மனசு நிறையும், உண்மைதான். ஆனால் இமிகிரேஷன் வரிசை எவ்வளவு நீளம் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று விமானங்கள் கிளம்புகிற இரவில் அந்த வரிசை மெதுவாகத்தான் நகரும். வேலைக்கு முதல்முறை போகிறவரிடம் கேள்விகளும் அதிகம் கேட்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வாசலுக்கு வெளியே ஒரு டீ குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பட்டும். போகிறவர் 3 மணி நேரத்துக்கு முன்பே உள்ளே போய்விடட்டும்.

உள்ளே போனதும், நள்ளிரவுக்கு மேல் எல்லாக் கடையும் திறந்திருக்கும், எல்லாப் பலகாரமும் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சென்னை அளவுக்கு இங்கே கடைகள் இல்லை. இருப்பதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: உங்கள் கண்ணெதிரே அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது எதுவோ அது. தோசை ஊற்றினால் தோசை. இட்லி ஆவி பறக்க வந்தால் இட்லி, சட்னி இல்லாமல் சூடான சாம்பாரோடு. கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையிலிருந்து படுத்திருக்கும் பஃப்ஸ், மயோனைஸ் தடவிய சாண்ட்விச், நறுக்கி வைத்த பழம் இவற்றை விட்டுவிடுங்கள். சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 டிகிரிக்கு மேலும், குளிரில் இருந்தால் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் கிருமி பெருகும். வெதுவெதுப்பான தட்டில் மணிக்கணக்காக இருக்கும் சோறுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. வெந்த அரிசியில் பிழைத்திருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் அந்த வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போவதில்லை. நள்ளிரவில் பிரியாணி கேட்டால் அது எப்போது செய்தது என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பொட்டலத்தில் பச்சை வட்டத்தைப் பாருங்கள். அசைவத்துக்கு இப்போது பழுப்பு நிற முக்கோணம், பழைய வட்டம் இல்லை. ஹலால் வேண்டுகிறவர்கள் கவுன்டரில் நேராகக் கேட்பதுதான் வழி.

இனி விலை. 2018இல் ப.சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் தேநீர் 135 ரூபாய், காபி 180 ரூபாய் என்று கேட்டு அதிர்ந்து, வாங்காமல் வந்ததாக ட்விட்டரில் எழுதியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. முன்னாள் நிதியமைச்சருக்கே அப்படி என்றால் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? விலை ஏன் அப்படி என்றால், கடைக்காரர் வாடகையோடு நிற்பதில்லை. விற்பனையில் ஒரு பங்கை நிலையத்துக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் இருக்கும். சரக்கும் ஆளும் ஒவ்வொரு முறையும் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். கடையை இரவெல்லாம் திறந்து வைக்க ஆள் வேண்டும். இதெல்லாம் காரணம்தான், என்றாலும் ஏழைப் பயணிக்கு அது ஆறுதல் ஆகாது. இந்தக் குறை நாடாளுமன்றம் வரை போன பிறகு 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற மலிவு விலைக் கடையை மத்திய அரசு தொடங்கியது. 2025 பிப்ரவரியில் சென்னையில், உள்நாட்டு முனையத்தில் திறந்தார்கள். டீயும் தண்ணீரும் 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். இந்தக் கடை திருச்சியிலும் வேண்டும். வேலைக்குப் போகிற ஏழைகள் இத்தனை பேர் ஏறுகிற நிலையத்தில் வராமல் வேறு எங்கே வர வேண்டும்? நம் மக்களவை உறுப்பினர்களிடம் ஊர்க்கூட்டங்களில் இதைக் கேட்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்தைக் காக்கச் சில விஷயங்கள். முதலில் விலைப்பலகையைப் படியுங்கள், பிறகு வரிசையில் நில்லுங்கள். “காம்போவாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அதில் உங்களுக்குத் தேவையில்லாத குளிர்பானம் இருக்கும், தனித் தோசை போதும் என்று சொல்லுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அதை உணவகம் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர் பாட்டிலிலும் பிஸ்கட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடை அலமாரியிலிருந்து எடுத்து வாங்கும் பொட்டலத்துக்கு அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கேட்கக்கூடாது. ஆனால் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் உணவகம் அதற்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. எனவே பாட்டிலைக் கடையில் வாங்குங்கள், உணவகத்தில் வாங்காதீர்கள். முறையில்லாமல் வாங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லை வைத்துப் புகார் செய்யலாம். தண்ணீருக்குச் செலவே செய்யாமலும் இருக்கலாம்: காலி பாட்டிலைக் கையில் கொண்டுபோய், சோதனை முடிந்த பிறகு உள்ளே குடிநீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை கட்டுச்சோறுதான். நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த கலை அது, விமானம் என்றதும் அதைக் கைவிட வேண்டியதில்லை. வீட்டில் சமைத்த திடமான உணவைச் சோதனையில் தடுப்பதில்லை. எதைக் கட்டுவது என்பதுதான் விஷயம். புளியோதரை முதல் இடம். புளியின் புளிப்பும், நன்றாகக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் இருக்கும் நல்லெண்ணெயும் சேர்ந்து அது சீக்கிரம் கெடாது. அடுத்தது இட்லிப்பொடி தடவிய இட்லி. எண்ணெய் ஊறிய அந்த இட்லி விடியற்காலையில்கூடச் சாப்பிட நன்றாக இருக்கும். சப்பாத்தியைத் தனியாகக் கட்டலாம். அதற்குள் உருளைக்கிழங்கு மசாலாவைச் சுருட்டி வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் சாதமும் வேண்டாம். அவித்த முட்டையின் வாடை அடைத்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர்களைப் பாடாகப் படுத்தும். சோற்றைச் சூடாக மூடிக் கட்டாதீர்கள், ஆறவிட்டுக் கட்டுங்கள். மூடிய டப்பாவில் வியர்த்தால் அதுவே கெடுவதற்குத் தொடக்கம். வாழையிலையில் வைத்து மேலே செய்தித்தாள் சுற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அச்சு மை சோற்றில் படாமல் இலை முழுதாக மூடியிருக்க வேண்டும்.

திரவமாக இருப்பதற்கெல்லாம் வேறு விதி. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் எந்தத் திரவமும் ஒரு பாட்டிலில் 100 மில்லிக்கு மேல் கூடாது. சாம்பார், மோர், நெய், தேன், ஜாம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். மிளகாய்ப் பொடியையும் கைப்பையில் விடமாட்டார்கள். கொப்பரைத் தேங்காய் எதிலும் கூடாது. எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். குழந்தைக்கான பாலும் உணவும் பயணத்துக்குத் தேவையான அளவு விதிவிலக்காகக் கொண்டுபோகலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் பசியோடு முடியாது. கசகசா. நமக்கு அது குருமாவில் அரைக்கும் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற பொருள். அம்மா ஆசையாக அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா இருந்தால், சிக்குகிறவர் பிள்ளைதான். வீட்டில் அரைப்பவரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். புகையிலை சேர்ந்த பாக்கு, மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்கு ஆகாது. இந்தியாவிலிருந்து இறைச்சி கொண்டுபோகவும் அங்கே அனுமதி இல்லை. கையில் மீதியிருக்கும் கறிச்சோற்றை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இரவு மாத்திரையை வழக்கம்போல் 7 மணிக்குப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை “அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வியர்த்து, கை நடுங்கி, இமிகிரேஷன் வரிசையில் மயங்கி விழுவது அப்படித்தான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போய், புறப்படும் இரவு மாத்திரையை எப்போது போடுவது, இறங்கும் ஊரின் நேரப்படி அடுத்ததை எப்போது போடுவது என்று எழுதி வாங்குங்கள். மாத்திரையும் இன்சுலினும் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்து கெடலாம், பெட்டி வந்து சேராமலும் போகலாம். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாய். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் இந்த மூன்றையும் அன்றைக்கு விட்டுவிடலாம்.

மகனையோ மகளையோ பார்க்கத் தனியாகப் போகிற பெரியவர்கள் அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது நல்லதல்ல. ஓரத்து இருக்கை கேட்டு வாங்கிக்கொடுங்கள், தண்ணீரும் குடிப்பார்கள்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் பாலை ஏறுமுன் முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். விமானம் இறங்கும்போதுதான் காது அதிகமாக அடைக்கும். அந்த நேரத்தில் குழந்தை எதையாவது சப்பி விழுங்கிக்கொண்டிருந்தால் காதுவலி குறையும். கொஞ்சம் பாலை அதற்கு மிச்சம் வையுங்கள். பெரிய பிள்ளைக்கு ஒரு மிட்டாய் போதும்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் ரமலான் மாதத்தில் போகிறவர்கள் பயணிக்கு நோன்பைத் தள்ளிவைக்கும் சலுகை உண்டு என்பதை அறிவார்கள். ஆனாலும் வைத்துக்கொண்டே போகிறவர்கள் பலர். அவர்கள் ஒரு சிறு பொட்டலம் பேரீச்சம்பழத்தைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். நோன்பு திறக்கும் நேரம் சோதனை வரிசையில் வந்துவிட்டால் அங்கே தண்ணீர் கிடைக்காது, பழம் இருக்கும். நோன்பு திறந்த கையோடு வடை, சமோசா என்று பொரித்ததில் இறங்காமல் கஞ்சியைத் தேடுவது நல்லது. பெரிய வாய் ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து வெளியே குடும்பத்தோடு முடித்துவிட்டு உள்ளே போகலாம்.

சென்னையிலிருந்து ஏறுகிறவர்களுக்குச் சாலையிலேயே ஐந்து மணி நேரம் போய்விடுகிறது. அவர்கள் புறப்படும் முன் ஒரு வேளை, முனையத்தில் ஒரு வேளை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடுவில் நெடுஞ்சாலையில் டீயும் பழமும் போதும். வங்கி அட்டையைக் காட்டி லவுஞ்சில் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் அந்த அட்டைக்கு இப்போதும் அந்தச் சலுகை உண்டா, வெளிநாட்டு முனையத்துக்கும் பொருந்துமா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் போங்கள். வங்கிகள் நிபந்தனையை அடிக்கடி மாற்றுகின்றன. லவுஞ்சில் மதுவும் இருக்கும். வறண்ட காற்றில் அது உடம்பை இன்னும் வற்றவைக்கும், குடித்துத் தள்ளாடுகிறவரை ஏற்ற மறுக்க விமான நிறுவனத்துக்கு உரிமையும் உண்டு. வேலைக்குப் போகிற முதல் நாளில் அது வேண்டாம்.

திரும்பி வரும்போது சாங்கியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அங்கே ஊழியர்களுக்கென்று நடக்கும் கேன்டீன்களில் பொதுமக்களும் சாப்பிடலாம், பயணிகள் கடைகளைவிட விலை குறைவு. அவை இமிகிரேஷனுக்கு வெளியே பொதுப் பகுதியில் இருப்பதால் உள்ளே போகுமுன் போய்விட வேண்டும். ஊழியர் அட்டை இல்லாதவர்களுக்கு விலை சற்றுக் கூடுதலாக இருக்கும், பலகையில் இரண்டு விலையும் போட்டிருப்பார்கள். உங்களுடையது எது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். திருச்சியில் இறங்குவது நள்ளிரவு என்றால் வீடு போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அழைக்க வருகிற வேனில் ஒரு ஃபிளாஸ்க் பாலும் நாலு வாழைப்பழமும் எடுத்து வரச் சொல்லிவிடுங்கள்.